பதினோரு பேருக்கும் ஒரே நாள்

15-6-2024, சனி

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் டூட்டி. காலை ஐந்தரைக்கு மாட்டிய பூட்ஸை மாலை நாலு மணிக்குக் கழற்றினால் உள்ளே அரை டம்ளர் தண்ணீர். சீசன் தொடங்கிய முதல் சனிக்கிழமைக்கே இந்தக் கூட்டம். சோப்புப் போடாதே, ஷாம்பு போடாதே என்று போர்டு இருக்கிறது, ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், நான் வேறு விசில் ஊதி ஊதித் தொண்டை வற்றிப்போனேன். ஒரு அம்மா என் கண் முன்னாலேயே ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறாள். "ஒண்ணே ஒண்ணுதான் ஏட்டம்மா" என்கிறாள். பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஏட்டம்மா என்றால் அவ்வளவு இளப்பம்.

பேராச்சியும் அதே டூட்டி. என்னைவிட ஏழு வயது சின்னவள், எட்டு வருடமாக எங்கே மாற்றல் போட்டாலும் எப்படியோ ஒரே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்துவிடுகிறோம். புருஷன் ஆறு வருடம் முந்தித் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. அம்மா வள்ளித்தாயோடு தென்காசி குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். என் மகள் வேல்விழிக்கு அவள்தான் சித்தி, எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி.

இன்று மூன்று தடவை உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். என்னட்டி என்று கேட்டால், "சூடுக்கா. அருவியில அஞ்சு நிமிசம் நின்னாச் சரியாப் போயிரும்." நானும், நன்னாரி சர்பத் குடி என்றேன். நான் பெரிய வைத்தியர்.

18-6-2024, செவ்வாய்

சாரல். இடுப்பு வலி. வேல்விழி கணக்குப் பரீட்சையில் முப்பத்தெட்டு மார்க். வையக்கூடத் தெம்பில்லை.

28-6-2024, வெள்ளி

தண்ணீர் அருவியின் பாதுகாப்பு வளைவைத் தொட்டுவிட்டது. பதினொரு மணிக்குக் குளிக்கத் தடை. கூட்டத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, "அந்த போலீஸ் அக்காவுக்கு பேண்ட்ல ரத்தம்" என்றது. திரும்பிப் பார்த்தால் பேராச்சி. அவளுக்கே தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதிக்கொண்டு நிற்கிறாள். என் மழைக்கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றி அறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

கதவைச் சாத்தியதும் கேட்டேன். தை மாதத்திலிருந்தே இப்படியாம். மாதாமாதம் வருவது போக நடுவில் நடுவில். வாடை வேறு. ஐந்து மாதம்! ஐந்து மாதமாக என் பக்கத்தில் நின்று சுக்குக் காப்பி குடித்துக்கொண்டு, என் மாமியார் கதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏட்டி, நீ போலீஸா, இல்ல கல்லா?" என்று கத்திவிட்டேன். அழுதாள். நானும்தான்.

திங்கட்கிழமை டாக்டரிடம். வரவில்லை என்றால் விலங்கு மாட்டிக் கூட்டிப்போவேன்.

1-7-2024, திங்கள்

போனோம். தென்காசியில் டாக்டர் ஜெனியின் கிளினிக். வாசல் வரை வந்துவிட்டு, "செருப்பு அறுந்துட்டுக்கா, நாளைக்கு வருவோம்" என்றாள். என் செருப்பைக் கழற்றி அவள் காலில் மாட்டிவிட்டேன்.

டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே நின்றார். கர்ப்பப்பை வாயில் ஒரு வளர்ச்சி இருக்கிறதாம். தொட்டாலே ரத்தம் வருகிறதாம். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறாராம். "இதுக்கு முந்தி எப்பவாவது இந்த டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

பேராச்சி சொன்னாள்: "போன வருசம் எங்களுக்கு ஒரு மெடிக்கல் கேம்ப் போட்டாங்க டாக்டர். அன்னைக்கு இந்த டெஸ்ட் மட்டும் முடியல. விட்டுப்போனவங்களைத் திருப்பிக் கூப்பிடுவோம்னு நர்சு சொல்லிச்சு. கூப்பிடல. ரத்தம்லாம் எடுத்தாங்கல்லா, ஏதாவது இருந்தா அதுல தெரிஞ்சிருக்கும், கூப்பிட்டிருப்பாங்கன்னு நானும் இருந்துட்டேன்."

"ரத்தத்துல இது தெரியாதும்மா" என்றார் டாக்டர்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கே?

போன ஜூலை. ஒரு கல்யாண மண்டபத்தில் கேம்ப். சீசன் பந்தோபஸ்துக்கு வந்த பெண் போலீஸ் எல்லோருக்கும் சர்க்கரை, பிரஷர், கூடவே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. எங்கள் ஸ்டேஷன் ஆட்களுக்கு நான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை, அருவியில் தலை தெரியாத கூட்டம், இன்ஸ்பெக்டர் அம்மா கோமதியம்மாள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் போட்டு "வந்தாச்சா, வந்தாச்சா" என்கிறார்கள். அதோடு அந்த மேசையில் காலை அகட்டிப் படுப்பதை நினைத்தால் எனக்கே கூசியது. மற்றவர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள். தீட்டு நாளில் இந்த டெஸ்ட் கிடையாது என்று நர்சு சொன்னதும் பிடித்துக்கொண்டேன். லிஸ்ட்டை வாங்கி எங்கள் பதினோரு பேருக்கும் நேராக வரிசையாக 'டேட்' என்று எழுதிவிட்டேன். நர்சு பார்த்துச் சிரித்தது. "ஒரே ஸ்டேஷன்ல பதினோரு பேருக்கும் ஒரே நாளாக்கா?" என்றது. எல்லோரும் சிரித்தோம். வேனில் ஏறியும் சிரித்தோம்.

பேராச்சி மட்டும் அப்போது உள்ளே வரிசையில் நின்றாள். நான் போய்த்தான் கூப்பிட்டேன். "யக்கா, எனக்கு லேசா ஒரு சந்தேகம் இருக்கு. பத்து நிமிசம், பார்த்துட்டு வந்துருதேன்" என்றாள். "சீசன் முடியட்டும்ட்டி, இன்ஸ்பெக்டரம்மா குதிக்காங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். என்ன சந்தேகம் என்று கேட்கவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. திருப்பிக் கூப்பிட்டார்கள். ஆவணி மாதம். ஸ்டேஷன் சார்பில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன், எனக்குத்தான் போன் வந்தது. எல்லாரும் வெளியே பார்த்துக்கிட்டாங்க, எல்லாருக்கும் நார்மல் என்று சொல்லி வைத்துவிட்டேன். தொல்லை விட்டது என்று.

அந்த நர்சு வேறொன்றும் சொன்னது. அதை இன்று எழுத முடியாது.

12-7-2024, வெள்ளி

ரிப்போர்ட் வந்துவிட்டது. கேன்சர்தான். இரண்டாம் கட்டம். ஆபரேஷன் இல்லையாம். ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், வாரம் ஒரு நாள் மருந்து ஏற்ற வேண்டும், பிறகு உள்ளேயே வைக்கிற கரண்ட் சில தடவை. எல்லாம் பாளையங்கோட்டையில், பெரிய ஆஸ்பத்திரியில். "குணமாக்கக் கூடிய கட்டம்தான். ஆனா நாளைக் கடத்தாதீங்க" என்று டாக்டர் ஜெனி இரண்டு தடவை சொன்னார்.

பேராச்சி கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கு எப்படி டாக்டர்? நான் அந்த மாதிரி இல்லையே."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொன்னார். இது ஒரு வைரஸால் வருகிறது, ஹெச்.பி.வி. என்று பெயர். கல்யாணம் ஆகி ஒரே ஒருத்தனோடு வாழ்ந்தவளுக்கும் வரும். முக்கால்வாசிப் பேருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது வந்து, தன்னாலேயே போய்விடும். சிலருக்குப் போகாமல் பத்துப் பதினைந்து வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். யாரிடமிருந்து, எப்போது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. "இதுல ஒழுக்கம் எங்கன வந்துச்சு?" என்றார்.

முன்கூட்டியே பார்த்திருந்தால் என்று நான் கேட்கப் போனேன். கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி.

19-7-2024, வெள்ளி

ஒரு வாரம் போய்விட்டது. பேராச்சி மகாராணி இன்னும் லீவு போடவில்லை.

ஏன் என்றால், மெடிக்கல் லீவுக்கு சர்டிபிகேட் வைக்க வேண்டும், அதில் வியாதியின் பெயர் இருக்கும், ரைட்டர் மந்திரமூர்த்தி கைக்குப் போகும். போன வருடம் ஒரு பிள்ளை கரு கலைந்து லீவு கேட்டபோது அந்தக் காகிதத்தை ஸ்டேஷனே படித்தது உண்மைதான். டீக்கடை வரைக்கும் போனது. "புருசன் இல்லாதவளுக்குக் கர்ப்பப்பைல என்னன்னு பேசுவாங்கக்கா. செத்தாலும் பரவால்ல, அந்தப் பேச்சுக் கேக்க முடியாது" என்கிறாள்.

நான் கெஞ்சிப் பார்த்தேன், வைதும் பார்த்தேன். அவள் அம்மாவிடம் சொல்கிறேன் என்று மிரட்டினேன். "சொல்லு, அது இன்னைக்கே போய்ச் சேரும்" என்கிறாள். சீசன் முடிந்ததும் போகிறாளாம். சீசன் முடியட்டும்! இந்த வார்த்தையை எவன் கண்டுபிடித்தான்?

25-7-2024, வியாழன்

இன்று வீட்டிலும் சண்டை.

வேல்விழி பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு சேவைச் சங்கம் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இதே ஹெச்.பி.வி.க்குத் தடுப்பூசி போடுகிறதாம். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பேனாவை எடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், எதையும் மேலே கீழே படிக்காமல் விடமாட்டார்.

"பதிமூணு வயசுப் பிள்ளைக்கு இந்த ஊசி எதுக்குட்டி? இது ஒரு மாதிரியா வர்ற நோய்க்குப் போடுறது. நாளைக்கு நாலு பேரு என்ன நினைப்பான்?"

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதாக்கும். அதுபோக, ஊசி போட்டா பிள்ளை பெறக்காதுன்னு குரூப்ல வந்திருக்கு. ஆந்திராவுல இதைப் போட்டு பிள்ளைங்க செத்துப்போச்சாம். படிச்சுப் பாரு."

தென்னந்தோப்புக் குத்தகைக்காரர்கள் குரூப். தேங்காய் விலை போடுகிற இடத்தில் கர்ப்பப்பைக்கு வைத்தியம் சொல்கிறார்கள். கத்தினேன். அவரும் கத்தினார். படிவம் அவர் சட்டைப் பையில் போய்விட்டது. பேராச்சிக்கு வந்திருப்பதை அவரிடம் சொல்ல முடியாது, அவள் மேல் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். வாய் நிறையப் பதில் இருந்தும் மென்று முழுங்க வேண்டியிருக்கிறது.

வேல்விழி படிக்கிற மேசையிலிருந்து எழுந்து வந்தாள். "ஊசி எனக்குத்தானே? என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து, "உள்ள போட்டி" என்றோம். அதில் மட்டும் ஒற்றுமை.

30-7-2024, செவ்வாய்

பேராச்சியின் கடைசி ரிப்போர்ட்டை வாங்கப் போன இடத்தில் டாக்டர் ஜெனியிடம் ஆந்திரா கதையைக் கேட்டேன். பொய் என்று டாக்டர் சொல்லிவிடுவார், அதை வீட்டுக்காரர் முகத்தில் வீசலாம் என்று நினைத்துப் போனேன்.

"பொய் இல்லம்மா. ரொம்ப வருசத்துக்கு முந்தி அங்கன ஒரு ஆய்வுக்காக ஊசி போட்டாங்க. அப்புறம் சில பிள்ளைங்க இறந்ததும் நிஜம். ஊசியால இறக்கலன்னுதான் விசாரணையில வந்துச்சு. ஆனா பெத்தவங்ககிட்டக் கேக்காம, நிறைய இடத்துல ஹாஸ்டல் வார்டனே கையெழுத்துப் போட்டிருக்காங்க. அது பெரிய தப்புன்னும் வந்துச்சு. ஜனங்க பயந்தாங்கன்னா அதுல பாதி நம்ம தப்பு" என்றார். பிள்ளை பிறக்காது என்பதற்கு மட்டும் ஆதாரமே இல்லை என்றார். ஊசி போட்டாலும் முப்பது வயதுக்கு மேல் டெஸ்டை விடக் கூடாது என்றார். "நீங்க பார்த்தாச்சா?" என்று என்னைக் கேட்டார்.

மழுப்பிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்த வார்டன் ஞாபகமாகவே இருந்தது. அவளும் கெட்டவளாக இருந்திருக்க மாட்டாள். அவசரமாக இருந்திருப்பாள்.

4-8-2024, ஞாயிறு

ஆடி அமாவாசை. விடியற்காலம் மூன்று மணியிலிருந்து டூட்டி. தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் ஒரு பக்கம், குளிக்க வந்த கூட்டம் ஒரு பக்கம். பேராச்சி இரண்டு நாப்கின் வைத்துக்கொண்டு நிற்கிறாள். முகம் வெளுத்துக் கிடக்கிறது. உட்காருட்டி என்றால், "அமாவாசைக்குக் கூட்டம்லா, நீ ஒத்தையா என்ன செய்வ" என்கிறாள்.

எனக்காக நிற்கிறாள். எனக்காக!

பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டு முடிந்துவிட்டது. படிவம் இன்னும் அவர் சட்டைப் பையில்தான். வேல்விழி வகுப்பில் ஒன்பது பேர்தான் போட்டுக்கொண்டார்களாம்.

6-8-2024, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். பேராச்சி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பழைய பாட்டையே பாடினேன், லீவு போடு, லீவு போடு என்று. "விடுக்கா. விதி. கேம்ப்ல இருந்து திருப்பிக் கூப்பிட்டிருந்தா அன்னைக்கே போயிருப்பேன். கூப்பிடல. சாமி விட்ட வழி" என்றாள்.

சாமி மேல் பழி போடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கூப்பிட்டாங்கட்டி" என்றேன்.

"யாரு?"

"அந்த நர்சு. ஆவணியில எனக்குப் போன் வந்துச்சு. எல்லாரும் வெளிய பார்த்துட்டாங்க, நார்மல்னு நான்தான் சொல்லிட்டேன்."

மடித்த துணியைக் கீழே வைத்தாள். "என் பேரைச் சொல்லிக் கேட்டாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்றைக்கு எழுத முடியாமல் விட்டது இதுதான்: நர்சு அவள் பெயரைச் சொல்லித்தான் கேட்டது. "மத்தவங்க வராட்டியும் அந்தப் பேராச்சிங்கிறவங்களை மட்டுமாவது அனுப்புங்கக்கா, அவங்க என்கிட்ட ஒரு விசயம் சொன்னாங்க" என்று.

"ஆமா. கேட்டாங்க" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க வெளிய போங்க" என்றாள். எட்டு வருடத்தில் என்னை 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

என்ன மனுசி நான். ஒரு போன். ஒரே ஒரு போன். பேராச்சி, உனக்கு போன் வந்திருக்குட்டின்னு கூப்பிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

7-8-2024, புதன்

காலை ரோல்காலுக்கு வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் நேரே ரைட்டர் மேசைக்குப் போனாள். லீவு விண்ணப்பம், அதன் மேல் சர்டிபிகேட். விரித்தே வைத்தாள். "படிச்சுக்கோங்க அண்ணாச்சி. புரியலன்னா நான் சொல்லுதேன். கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய்" என்றாள், ஸ்டேஷன் முழுவதும் கேட்கிற மாதிரி. வெளியே நின்ற மனுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கோமதியம்மாள் மேடம் அறையிலிருந்து வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு மாதமாக என் கெஞ்சலுக்கு அசையாதவள், என் மேல் வந்த கோபத்தில் எழுந்து போய்விட்டாள். சந்தோஷப்படுவதா, என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவள் போன பிறகு மந்திரமூர்த்தி என்னிடம் குனிந்து, "புருசன் போயி ஆறு வருசமாச்சே ஏட்டம்மா, அப்ப இது எப்படி...?" என்று இழுத்தான். மேசையில் இருந்த லத்தியை எடுத்துத் திரும்ப வைத்தேன். "உங்க வீட்டம்மாவுக்கும் வரும் அண்ணாச்சி. நீங்க ரொம்ப யோக்கியமா இருந்தாலும் வரும். கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுங்க" என்றேன். லீவுக் காகிதத்தை எடுத்து ஃபைலில் சொருகினான்.

20-8-2024, செவ்வாய்

நேற்றுதான் முதல் கரண்ட். நான் போகவில்லை, போக முடியாது. முந்தின நாள் ராத்திரியே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் செய்ததையும் சேர்த்து. "ஏட்டி, இவ்வளவையும் உள்ள வச்சிக்கிட்டா என்கிட்ட கத்துன?" என்றார். நேற்றுக் காலையில் தேங்காய் ஏற்றுகிற வண்டியைக் கழுவி, வள்ளித்தாயையும் பேராச்சியையும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை போய்வந்தார்.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அங்கன வரிசையில உக்காந்திருக்கவங்க எல்லாம் நம்ம பக்கத்துப் பொம்பளைங்கதான் செல்வி. ஒருத்தி இலத்தூரு. இன்னொருத்தி வீரகேரளம்புதூரு, பீடி சுத்துதவ. தோப்புல நமக்குக் களை எடுக்க வருவால்லா, அந்த மாதிரி." அதற்கு மேல் சாப்பிடவில்லை.

11-9-2024, புதன்

டாக்டர் ஜெனியிடம் போய் நானும் டெஸ்ட் எடுத்தேன். மொத்தம் நாலு நிமிடம். வலிகூட இல்லை, கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். இதற்காகவா!

20-9-2024, வெள்ளி

எனக்கு ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதற்கே வெட்கமாக இருக்கிறது.

25-9-2024, புதன்

வெளியே வைக்கிற கரண்ட் இருபத்தைந்தும் முடிந்துவிட்டதாம். வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியவில்லை, பத்துக் கிலோ குறைந்துவிட்டாள். எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். ரசம் வைத்துக் கொடுத்துவிட்டேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. குடித்தாளா கொட்டினாளா என்று அவரிடம் கேட்டேன். "போலீஸ் விசாரணையா வச்சிருக்கேன்?" என்கிறார்.

ஸ்டேஷனில் மற்ற ஒன்பது பேரையும் உட்காரவைத்து நான் செய்ததைச் சொன்னேன். ஏழு பேர் போய்ப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேர், 'பார்ப்போம்க்கா' என்கிறார்கள். அவர்களை விடுவதாக இல்லை.

31-10-2024, வியாழன்

தீபாவளி. உள்ளே வைக்கிற கரண்டும் இரண்டு வாரம் முந்தியே முடிந்துவிட்டது. பலகாரம் கொண்டுபோய் அவள் வாசல் வரைக்கும் போனேன். வள்ளித்தாய் வாங்கிக்கொண்டாள். "உள்ள வாயேன் தாயி" என்றாள். உள்ளேயிருந்து டி.வி.யைச் சத்தமாக வைத்தாள் பேராச்சி. திரும்பிவிட்டேன்.

எனக்கும் கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்டு எத்தனை மெசேஜ் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கோபம் போய்விட்டது. அவள் இடத்தில் நான் இருந்தால் பலகாரத்தை ரோட்டில் வீசியிருப்பேன்.

7-12-2024, சனி

வேல்விழிக்கு முதல் ஊசி, டாக்டர் ஜெனியின் கிளினிக்கில். இந்தத் தடவை அவள் அப்பாவே அவளை உட்காரவைத்து, இது எதற்கு, என்ன நோய், எப்படி வரும் என்று சொன்னார். பட்டாளத்துக்காரர் வேர்த்து விறுவிறுத்து, 'கல்யாணம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டார். "உனக்குச் சம்மதமா? வேண்டாம்னா வேண்டாம்" என்றார். "இதெல்லாம் பேராச்சி சித்தி எனக்கு போன்ல சொல்லிட்டாங்கப்பா" என்றாள் அவள்.

பேராச்சி அவளோடு பேசுகிறாள். என் வீட்டு போனில், என் மகளோடு. எனக்குத் தெரியாது.

20-1-2025, திங்கள்

மூன்று மாத ஸ்கேன். கட்டி இல்லை. வேல்விழிதான் சொன்னாள், புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல். அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

3-3-2025, திங்கள்

பேராச்சி வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஸ்டேஷன் உள்ளே டூட்டி. இலஞ்சி பஸ் ஸ்டாப்பில் நின்றவளைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். இரண்டு வருடம் வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். பயம் விட்டுப் போகாது என்று டாக்டர் சொன்னார்.

14-6-2025, சனி

இன்று வேல்விழிக்கு இரண்டாவது ஊசி. எனக்குப் பதினோரு மணிக்கு அருவி டூட்டி, அவர் தோப்பில். யார் கூட்டிப்போவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே வேல்விழி சொன்னாள்: "சித்தி வாராங்க."

பத்து மணிக்கு ஸ்கூட்டர் சத்தம். யூனிபார்மில் வந்திருந்தாள், சட்டை இன்னும் தொளதொளவென்றுதான் இருக்கிறது. உள்ளே வரவில்லை. வண்டியை அணைக்கவும் இல்லை. நான் ஈரக் கையோடு வாசலில் போய் நின்றேன். வேல்விழி உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"முதல் ஊசி போட்ட அட்டை வேணும்" என்றாள். என்னைப் பார்க்காமல், கேட்டைப் பார்த்து.

ஓடினேன். பீரோவில் ஆதாரோடு வைத்திருந்தேன். கொண்டுவந்து நீட்டினேன். வாங்கித் தேதியைப் பார்த்தாள், சட்டைப் பையில் வைத்தாள். பொத்தானைப் போட்டாள். அப்புறம், பத்து மாதத்துக்குப் பிறகு, என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க டெஸ்ட் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லன்னு."

"நல்லது" என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வேல்விழி வந்து பின்னால் ஏறிக்கொண்டதும் போய்விட்டார்கள்.

'நீங்க' என்றுதான் சொன்னாள். அக்கா என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. எதிர்பார்த்தேன், பொய் எதற்கு. வண்டி திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்றிருந்தேன்.